கருப்புப் பொட்டு வைத்த கருவிகள்

எங்கள் பக்கத்துப் போர்ஷனில் ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ் பெண் குடியிருக்கிறாள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக அந்த நாட்டுப் பாஷை படிக்கிறாள். துணி காயப் போடும்போதுகூட வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் வந்து அலுத்துக்கொண்டாள்.

"ஆயா, இந்தக் கூத்த கேளு. ஸ்பூன் ஆம்பளையாம். ஃபோர்க் பொம்பளையாம். கத்தி ரெண்டும் இல்லியாம். இத எவன் முடிவு பண்ணான்?"

"ஸ்பூன் டேர், ஃபோர்க் டீ, கத்தி டாஸ். அதானே?" என்றேன்.

ஸ்டெல்லா கையிலிருந்த ஈரத்துணியை அப்படியே கீழே போட்டாள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை வீட்டுக்கு அனுப்பினார். நானும் திரும்பிப் போகவில்லை. பஸ் போர்டு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அப்படிப்பட்ட ஆயா வாயிலிருந்து ஜெர்மன் வந்தால் துணி விழத்தான் செய்யும். அதை எங்கே கற்றேன் என்று அவள் கேட்டதால்தான் இதைச் சொல்கிறேன். சொல்வது நான், எழுதுவது அவள். நடுவில் அவள் ஏதாவது நாகரிகமாகச் சேர்த்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவே தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. எனக்கு ஊர் பிள்ளைப்பாக்கம். கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் வேலைக்குப் போவதில்லை என்ற கொள்கையில் மட்டும் உறுதியாக இருந்தார். அதனால் நான் கம்பெனியில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். தற்காலிகம்தான். பிறகு டூல் ரூமில் கருவிகளைத் துடைத்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதுவும் தற்காலிகம். பம்பு நல்லபடியாக ஓடினால் கம்பெனி நிலைக்கும், டூல் ரூமுக்கு ஒரு நிரந்தர ஆள் எடுப்பார்கள், ஓடாவிட்டால் எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. என் வீட்டு அடுப்பு அந்தப் பம்பை நம்பித்தான் எரிந்துகொண்டிருந்தது.

இயந்திரங்களைப் பொருத்த ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். பிராண்ட்னர் என்று பெயர். எங்கள் ஆட்கள் முதல் வாரத்திலேயே அவரைப் பரந்தாமன் ஆக்கிவிட்டார்கள். உயரமான மனுஷர், பேச்சு குறைவு. நீல நிற ஓவரால், அதில் காலோரம் நீளமாக ஒரு பாக்கெட், அந்தப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பானர். சாப்பிடும்போதும் அது அங்கேயே இருக்கும். அவருக்கு இங்கிலீஷும் அரைகுறைதான். சூப்பர்வைசர் சேகர் மெட்ராஸில் ஜெர்மன் வகுப்புக்குப் போனவர், அவர்தான் இருவருக்கும் நடுவில் பாலம்.

பரந்தாமன் சாரின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் பின்னால் நீட்டுவார். வேண்டிய கருவியின் பேரைச் சொல்வார். நாம் அதை வைத்துவிட்டு அதன் பேரைத் திரும்பச் சொல்ல வேண்டும், தப்பான கருவி வந்துவிடக்கூடாது என்பதற்காக. நான் முதல் நாள் "ஹாமர்" என்று சொல்லிச் சுத்தியலை வைத்தேன். கை மூடவில்லை. சுத்தியல் உள்ளங்கையில் அப்படியே கிடக்கிறது. நான் முழிக்கிறேன். "டேர் ஹாமர்" என்றார், இயந்திரத்துக்குள்ளிருந்தே. "டேர் ஹாமர்" என்றேன். அப்புறம்தான் கை மூடியது.

அடுத்தது குறடு. எனக்கு மரியாதை தெரியும் என்று காட்ட, "டேர் ட்சாங்கே" என்றேன். கை திறந்தே இருந்தது. "டீ ட்சாங்கே."

சாப்பாட்டு நேரத்தில் சேகர் சாரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார் இது, சுத்திக்கு டேர்ன்றாரு, கொறடுக்கு டீன்றாரு?"

"அவங்க பாஷையில எல்லாப் பொருளுக்கும் ஒரு பால் இருக்கும்மா. டேர்னா ஆண். டீன்னா பெண். டாஸ்னா ரெண்டும் இல்ல."

"சுத்தி ஆம்பளன்னு எப்பிடிக் கண்டுபுடிச்சாங்க?"

"கண்டுபிடிக்கல. அப்படியே மனப்பாடம் பண்ண வேண்டியதுதான். நானே பாதிய மறந்துட்டேன்."

எனக்கு ஒரே ஆச்சரியம். நம் ஊரில் ஆற்றுக்கும் பசுவுக்கும் பெண் பேர் வைப்போம், அது வேறு. ரம்பத்துக்கும் அரத்துக்கும் பால் பார்க்கிற ஜனங்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் வீட்டில் பீரோவுக்கு ஒரு பேரும் நாற்காலிக்கு ஒரு பேரும் வைத்துத் திட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது கரண்டியை உற்றுப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

எழுதிப் படிக்கத் தெரியாதவளுக்கு மனப்பாடம் செய்ய ஒரே வழி மனுஷர்கள்தான். எங்கள் தெருவையே டூல் ரூமுக்குள் கொண்டுவந்தேன். குறடு டீ, அது என் நாத்தனார், பிடித்தால் விடமாட்டாள். ரம்பம் டீ, அது என் மாமியார், போகும்போதும் அறுப்பார், வரும்போதும் அறுப்பார். அரம் டீ, அது எதிர்வீட்டு வள்ளி, பேசிப் பேசியே ஆளை வழவழப்பாக்கிக் கைமாற்று வாங்கிவிடுவாள். துளைபோடும் பிட்டு டேர் போரர், அது எங்கள் பஞ்சாயத்துத் தலைவர், கேள்வி கேட்டே ஆளைத் துளைத்தெடுப்பார். சுத்தியல் என் பெரிய மைத்துனர், காரணம் சொன்னால் குடும்பச் சண்டை வரும்.

டாஸுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. மட்டம் பார்க்கும் ரசமட்டம் டீ, கனம் அளக்கும் வெர்னியர் டேர். ஆனால் ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்கிற நேர்விளிம்புப் பட்டை டாஸ் லினியால். ஸ்லிப் கேஜ் என்று கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் எஃகு வில்லைகள், அவை டாஸ் எண்ட்மாஸ். ஆணுமில்லை பெண்ணுமில்லை என்றால் யாரை வைத்து ஞாபகம் வைப்பது?

ஒரு நாள் டீ குடிக்கும் நேரத்தில் பரந்தாமன் சார் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். இரட்டைச் சடை போட்ட சின்னப் பெண், அவர் மகள். நான் கையால் இடுப்பு உயரம் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன என்று ஜாடையில் கேட்டேன்.

"டாஸ் கிண்ட்" என்றார். குழந்தை.

ஆண் குழந்தைக்கு? மீசை முறுக்கிக் காட்டினேன். "டாஸ் கிண்ட்." போட்டோவைத் தொட்டுச் சடையைக் காட்டினேன். இது பெண்ணாச்சே? "டாஸ் மேட்ஷன்" என்றார். பொம்பளைப் பிள்ளையும் டாஸ்தான். அப்போது நான்? என்னைத் தொட்டுக் காட்டினேன். "டீ ஃப்ராவ்." என் தாலிச் சரட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

சேகர் சார் சிரித்துவிட்டார். "என்னம்மா அப்படிப் பாக்கறீங்க?"

"இல்ல சார், அங்கயும் கல்யாணம் கட்டினாத்தான் பொம்பளைன்னு ஒத்துக்கிறாங்களான்னு பாக்கறேன்."

அதோடு டாஸ் சிக்கல் தீர்ந்தது. டாஸ் என்றால் குழந்தைகள். பட்டையும் வில்லைகளும் என் பிள்ளைகள். அவர்களைத் தூக்கும்போது மட்டும் நான் தனி ஜாக்கிரதையாக இருப்பேன். கை ஈரம் படக்கூடாது, தோல்துணியால் எடுத்து, விளிம்பைத் தொடாமல் பிடித்து, வேலை முடிந்ததும் எண்ணெய் தடவிப் பெட்டியில் படுக்கவைக்க வேண்டும். பரந்தாமன் சார் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை, என் எதிரில் தினமும் ஒரே மாதிரி செய்தார். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கை நீளும்போது அது மூடாமல் காத்திருப்பது அபூர்வமாகிவிட்டது. இயந்திரம் நின்றிருந்தால் அவர் அதைத் தட்டிக்கொடுத்து, "டீ மஷீனே ஷ்லேஃப்ட்" என்பார். தூங்குகிறாள் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைதான் பேர்கள் இல்லாமல் எனக்குத் தெரிந்த ஜெர்மன். மற்றபடி ஆமாவுக்கு யா, இல்லைக்கு நைன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மறுநாள் காலையில் ஜெர்மன் கம்பெனிப் பெரியவர்களும் பம்பு வாங்குகிறவர்களும் வந்து பம்பை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. தேதி வைத்தவர்களுக்கு நம் பஞ்சாங்கம் தெரியாது. நம்மவர்கள் யாரும் சொல்லவும் இல்லை.

எங்கள் ஒர்க்ஷாப்பில் மூத்த ஃபிட்டர் கன்னியப்பன். எல்லோருக்கும் அவர் அண்ணன். பூஜை என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து, பலகை மேல் வரிசையாக அடுக்கி, சாமி படத்துக்கு முன் வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் பொழுது விடிந்து மறுபூஜை போடும்வரை யாரும் தொடக்கூடாது. வருஷம் பூரா உழைத்தது, அன்றைக்கு ஒரு நாள் ஓய்வு.

பொட்டு வைக்கிற வேலை எனக்கு. எஃகில் ஈரம் படக்கூடாது என்பதால் மரக்கைப்பிடியிலும் பெட்டி மூடியிலும்தான் வைத்தேன். வைக்கும்போது ஒரு யோசனை வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி குங்குமம் வைத்தால் என் மைத்துனருக்கும் குங்குமம் வைத்ததாகிவிடாதா? டீ எல்லாருக்கும் குங்குமமும் பூவும் வைத்தேன். டேர் எல்லாருக்கும் விபூதிப் பட்டை. டாஸ் குழந்தைகளுக்கு? கண்மைச் சிமிழை எடுத்து, ஓரமாகக் கன்னத்தில் வைப்பதுபோல் ஒரு திருஷ்டிப் பொட்டு.

கன்னியப்ப அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா அஞ்சல, மூணு சாதியா பிரிச்சிக்கீற?"

"சாதி இல்லண்ணே. இது பொம்பளைங்க, இது ஆம்பளைங்க, இது கொயந்தைங்க. பரந்தாமன் சார் ஊரு கணக்கு."

"ஓகோ. சுத்தி ஆம்பளயா? சரியாத்தான் கீது" என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினார். பொரி கடலை கொடுத்து ஆட்களை அனுப்பினார்கள். சேகர் சாரும் வீட்டில் பூஜை என்று மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிட்டார். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள நானும் கன்னியப்ப அண்ணனும் மட்டும் இருந்தோம்.

சாயங்காலம் பரந்தாமன் சார் வந்தார். நாளைய ஓட்டத்துக்கு முன் கடைசியாக ஒரு முறை பம்பை ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் சரியில்லை. என்னைக் கூட்டிப் போய், தண்டைத் தாங்கும் பேரிங் மேல் கையை வைக்கச் சொன்னார். கை வைக்க முடியாத சூடு. மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் நேர்கோட்டில் இல்லை, ஒன்று மயிரிழை உயர்ந்திருக்கிறது என்று இரண்டு விரலை வைத்துக் காட்டினார். இப்படியே காலையில் ஓட்டினால் பெரியவர்கள் கண்ணெதிரில் புகை வரும். அதற்கப்புறம் பம்பும் இல்லை, கம்பெனியும் இல்லை, அஞ்சலைக்கு வேலையும் இல்லை.

டூல் ரூமுக்குத் திரும்பி வந்து வழக்கம்போல் கையை நீட்டினார். "டீ வாஸ்ஸர்வாகே." ரசமட்டம்.

நான் எடுக்கப் போனேன். கன்னியப்ப அண்ணன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"எங்க கை வெக்கிற?"

"பேரிங் சுடுதுண்ணே. நாளிக்கி ஓட்டம்."

"சுட்டா சுடட்டும். படைச்சத தொடக்கூடாது. நீ தொட்டா நாளிக்கி காலீல இந்த ஷாப்புல ஒருத்தன் வேலைல கை வெக்கமாட்டான். அப்பறம் பம்ப யாரு ஓட்டுவா, நீயா?"

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அவர் சொல்லுக்கு அத்தனை பேரும் கட்டுப்பட்டவர்கள். ஒரு பக்கம் நீட்டிய கை, ஒரு பக்கம் விரித்த கை. எனக்கு ஜெர்மனில் பூஜை தெரியாது, விரதம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"டீ வாஸ்ஸர்வாகே ஷ்லேஃப்ட்."

அவர் என்னைப் பார்த்தார். ரசமட்டம் தூங்குகிறாள். விளக்கைக் காட்டினேன், பூவைக் காட்டினேன்.

"டேர் மெஸ்ஷீபர்?" வெர்னியர்.

"டேர் மெஸ்ஷீபர் ஷ்லேஃப்ட்."

"இன்னா சொல்லிகினு கீற அந்தாளாண்ட?" என்றார் கன்னியப்ப அண்ணன்.

"தூங்கறாங்கன்னு சொல்றேண்ணே."

"அதுவும் சரிதான்."

பரந்தாமன் சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பலகைக்கு முன் குந்தி உட்கார்ந்தார். சிவப்பு, வெள்ளை, கருப்பு. முதலில் முகத்தைச் சுளித்தார், பெட்டிகளுக்குள் ஈரம் போயிருக்குமோ என்று திறந்து பார்த்தார். போகவில்லை. அப்புறம் மெதுவாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார், வாய் முணுமுணுத்தது. டேர், டேர், டீ, டீ, டாஸ். பாதியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பா, வேறெதுவுமா என்று சொல்லத் தெரியாத ஒரு முகம்.

வரிசைக் கடைசியில் எண்ணெய்க் குடுவை இருந்தது. நீளமான மூக்கு. என் வீட்டுக்காரர் சாயல் இருந்ததால் அதற்கு விபூதி வைத்திருந்தேன். பரந்தாமன் சார் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "டீ ஓல்கானே" என்றார். பொம்பளையாம். தன் கைக்குட்டையால் விபூதியைத் துடைத்தார். தட்டிலிருந்து மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, ரொம்பக் கவனமாக, மைக்ரான் கணக்குப் பார்க்கிறவர் மாதிரி, குடுவையின் நடு நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். பூ ஒன்றை எடுத்து மூக்கில் செருகினார்.

கன்னியப்ப அண்ணனின் விரித்த கை தானாக இறங்கியது.

"இன்னாடா இது. வெள்ளக்காரன் பொட்டு வெக்கிறான். அதுவும் மோதர வெரலால வெக்கிறான்."

அந்த நேரத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? வூட்ல நீயும் அண்ணியும் சஷ்டி விரதம் இருக்கீங்களே, உன் பேரப்புள்ள இருக்குதா?"

"அதுக்கு எதுக்கு விரதம்? அது பால் குடிச்சிகினு கீது."

"அப்ப கொயந்தைங்களுக்கு விரதம் இல்ல."

"இல்ல."

"தூங்குன்னு சொன்னாலும் தூங்காது."

"தூங்காது. இன்னா சொல்ல வர்ற?"

கருப்புப் பொட்டுப் பெட்டிகளைக் காட்டினேன். அண்ணன் சாமி படத்தைப் பார்த்தார். பரந்தாமன் சாரைப் பார்த்தார். குடுவையின் மூக்கில் ஆடிய பூவைப் பார்த்தார். தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

"சுத்தி கேக்கக்கூடாது. ரசமட்டம் கேக்கக்கூடாது. கொயந்தைங்க மட்டும் போவட்டும். வேல முடிஞ்சதும் இங்கயே வந்து படுக்கணும்."

ஒரு கற்பூரத்தை ஏற்றிப் பட்டைக்கும் வில்லைப் பெட்டிக்கும் மூன்று சுற்று சுற்றினார். நான் பரந்தாமன் சாரிடம் திரும்பினேன்.

"டாஸ் லினியால், நைன் ஷ்லேஃப்ட். டாஸ் எண்ட்மாஸ், நைன் ஷ்லேஃப்ட்."

அந்த வாக்கியம் எவ்வளவு கேவலம் என்று ஸ்டெல்லா இப்போது சொல்கிறாள். அவரோ அன்றைக்குக் கையை நீட்டினார், பட்டையை வைத்ததும் மூடினார்.

அந்த வேலைக்கு ரசமட்டம் வேண்டாம், குழந்தைகளே போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மோட்டார்த் தண்டிலும் பம்புத் தண்டிலும் ஆளுக்கொரு வட்டத்தட்டு எதிரெதிராக இருக்கும். நேர்விளிம்புப் பட்டையை இரண்டு தட்டின் மேலும் சேர்த்து வைத்தார். பின்னால் டார்ச் அடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் பட்டைக்கு அடியில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கில் எந்த வில்லை சரியாக நுழைகிறது என்று ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுத்தேன். தடித்தது நுழையவில்லை, மெல்லியது ஆடியது, நடுவிலிருந்த ஒன்று வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அந்த வில்லை கனத்துக்கு ஏற்கெனவே வெட்டிவைத்த தகட்டை மோட்டாரின் காலுக்கு அடியில் கொடுக்க வேண்டும். தகட்டுக்கு என்ன பேர் என்று கேட்டேன். "டாஸ் ப்ளெஷ்." அதுவும் குழந்தை. கன்னியப்ப அண்ணனிடம் சொன்னதற்கு, "அவ்ளோதான், பள்ளிக்கூடமே கெளம்பிடுச்சி" என்றார்.

போல்ட்டைத் தளர்த்த ஸ்பானர்? அது அவருடைய கால் பாக்கெட்டில் இருந்தது. பூஜைக்குத் தாருங்கள் என்று அதைக் கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. அதனால் அது படையலில் இல்லை. கன்னியப்ப அண்ணன் தள்ளி நின்று வேடிக்கைதான் பார்த்தார். ஆனால் நல்ல ஃபிட்டரால் எவ்வளவு நேரம் வேடிக்கை பார்க்க முடியும்? "அந்தாண்ட காலு தூக்குது, அத சொல்லு" என்றார். கொஞ்ச நேரத்தில் டார்ச் அவர் கைக்குப் போயிருந்தது. கடைசியில் பட்டைக்கு அடியில் வெளிச்சம் எங்குமே தெரியவில்லை. ஓட்டினார். பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தார். கை அப்படியே இருந்தது. என் கையையும் எடுத்து வைத்தார். வெதுவெதுப்பாக, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது.

வில்லைகளைத் துடைத்து, எண்ணெய் தடவி, விளக்குக்கு முன்னால் அதே இடத்தில் படுக்கவைத்தேன்.

மறுநாள் மறுபூஜையும் நடந்தது, பம்பும் ஓடியது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பரந்தாமன் சார் ஊருக்குத் திரும்பும் சமயத்தில் மேனேஜர் டூல் ரூம் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அவரைக் கேட்டார். ஐ.டி.ஐ. படித்த ஆட்கள் இருந்தார்கள், அவர்களும் நல்ல பிள்ளைகள்தான். பரந்தாமன் சார் நீளமாக ஏதோ சொன்னார். நான் தூணோரம் நின்றிருந்தேன்.

"என்ன சார் சொல்றாரு?" என்று சேகர் சாரிடம் கேட்டேன்.

"கேட்டதையெல்லாம் எடுத்துக் குடுக்கிற ஆள் நிறையப் பேர் இருக்காங்களாம். கேட்டா இல்லைன்னு சொல்ற ஆள் கிட்டத்தான் சாவி இருக்கணுமாம்."

பரந்தாமன் சார் என்னிடம் வந்தார். இந்த முறை கை நீட்டியது நான். சாவியை வைத்தார். நான் கையை மூடவில்லை. அவர் புரியாமல் பார்த்தார், அப்புறம் புரிந்தது. "டேர் ஷ்லூஸ்ஸல்" என்றார். அப்போது மூடினேன். அவர் வாய் விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சாவி ஓய்வு பெறும்வரை என் இடுப்பில் இருந்தது. பொட்டுகள் அழிந்தபோது பெயின்ட் கடையில் சிவப்பு, வெள்ளை, கருப்பு வாங்கி அதே இடத்தில் புள்ளி வைத்தேன். புதிதாக வந்த ஆட்கள் அதை ஏதோ கம்பெனிக் குறியீடு என்று நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஏதாவது ஒரு இயந்திரம் மக்கர் செய்யும். அப்போது கன்னியப்ப அண்ணனே கற்பூரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொயந்தைங்கள அனுப்பு அஞ்சல" என்பார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஜெர்மன் ஒரு எழுத்து தெரியாது. கருப்புப் புள்ளி என்றால் பூஜையன்றும் வேலைக்குப் போகலாம், அவ்வளவுதான் தெரியும்.

ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு, இந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் அந்த டூல் ரூமிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். பேட்டரி போட்டு, எண் தானாகத் தெரியும் வெர்னியர். ஜப்பான் சாமான்.

"அம்மா, இதுக்கு எந்தப் புள்ளி வெக்கிறது? ஆம்பளயா, பொம்பளயா, கொயந்தயா?"

ஸ்டெல்லா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், வெர்னியர் எப்போதும் டேர்தான், வெள்ளைதான் வைக்க வேண்டும் என்று. படித்த பெண், சரியாகத்தான் சொன்னாள். நான் அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கருப்பு வை" என்றேன். "நாளிக்கி பூஜை. எவனாவது வந்து கேப்பான்."